வாட்ஸ்அப் குரூப்பில் பேசியதை ஆய்வுக்கு எடுக்கலாமா? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? - முழு விளக்கம்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்குப் பக்கம் இருக்கும் ஊர் அடி அண்ணாமலை. பௌர்ணமி வந்துவிட்டால் 14 கிலோமீட்டர் பாதையும் மனிதத் தலைகளால் நிறைந்துவிடும். அந்த ஒரு இரவு ஆட்டோ ஓட்டுநர்களுக்குப் பெரிய சவாரி நாள், பெரிய தலைவலி நாளும்கூட.

இங்கே ஆட்டோ ஓட்டுநர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருநூறு பேர். எந்தப் பக்கம் தடுப்பு போட்டிருக்கிறார்கள், எங்கே நிறுத்தினால் அபராதம் என்று தகவல் வரும். யாருக்காவது விபத்து என்றால் ஆஸ்பத்திரி செலவுக்கு வசூல் நடக்கும். நடுவில், "இந்த மாசமும் டியூ கட்டல, ஃபைனான்ஸ்காரங்க வண்டியத் தூக்கிடுவாங்க போல" என்று ஒருவர் புலம்புவார். "நேத்து நைட் என்கிட்ட இவ்ளோ வாங்கிட்டுத்தான் விட்டாங்க" என்று இன்னொருவர் கொதிப்பார்.

கோயில் நகரங்களில் ஆட்டோ தொழில் பற்றி ஆய்வு செய்யும் ஒரு மாணவர், நண்பர் மூலம் லிங்க் வாங்கி அந்தக் குரூப்பில் சேர்கிறார். ஆறு மாதம் எதுவும் பேசாமல் எல்லாவற்றையும் படிக்கிறார். பிறகு மொத்த உரையாடலையும் இறக்கிக்கொண்டு ஆய்வேடு எழுதுகிறார். பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டார். நல்ல ஆய்வு என்று பாராட்டும் கிடைக்கிறது.

ஆய்வேடு இணையத்தில் ஏறியதும் ஒரு ஓட்டுநரின் மகள் அதைப் படிக்கிறார். "அப்பா, இது நீங்க சொன்னதுதானே?" ஸ்டாண்டில் இருக்கும் எல்லோருக்கும் அது யார் சொன்னது என்று தெரிந்துவிடுகிறது. பணம் வாங்கியதாகச் சொல்லப்பட்டவருக்கும்தான்.

மாணவருக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. அந்த ஓட்டுநர் மறுநாள் காலை அதே ஸ்டாண்டுக்குத்தான் போக வேண்டும்.

இது கற்பனைக் காட்சி. ஆனால் இதில் இருக்கும் கேள்வி கற்பனை இல்லை. ஓட்டுநர்கள், நர்சுகள், ஆசிரியர்கள், சாஃப்ட்வேர் ஊழியர்கள் என ஒரே தொழிலில் இருப்பவர்கள் ஆன்லைனில் கூடிப் பேசுவதை ஆய்வு செய்ய அனுமதி வேண்டுமா? வேண்டும் என்றால், யாரிடம்?

"எல்லாரும் பார்க்கிற இடம்தானே?"

முதலில் வரும் வாதம் இதுதான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாகப் பேசினால் பக்கத்து மேஜைக்காரர் காதில் விழத்தான் செய்யும். அதில் தப்பு இல்லை. ஆனால் அந்தப் பக்கத்து மேஜைக்காரர் ஆறு மாதம் தினமும் வந்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அதை அச்சடித்து வெளியிட்டால்? பேசியவர்கள் சும்மா இருப்பார்களா?

ஆன்லைன் குரூப்களில் சிக்கல் இன்னும் கூடுதல். வாட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர் வரை சேரலாம். அவ்வளவு பேர் இருக்கும் இடத்தைத் தனி அறை என்று சொல்ல முடியாது. அதே சமயம், நினைத்தவர் எல்லாம் உள்ளே வந்துவிட முடியாது என்பதால் பொதுவெளி என்றும் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் ஒருவர் உரையாடலை ஃபைலாக இறக்கிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. மெசேஜோடு போன் நம்பரும் சேர்ந்து வரலாம்.

அதனால்தான், இணையத்தை ஆய்வு செய்பவர்களின் சர்வதேசச் சங்கம் 2002, 2012, 2019 என மூன்று முறை நெறிமுறை வழிகாட்டி வெளியிட்டும், "இது பொது, இது தனி" என்று ஒரே கோடாகப் போடவில்லை. பேசியவர்கள் யார் கேட்பார்கள் என்று நம்பிப் பேசினார்கள், வெளியே போனால் யாருக்கு என்ன பாதிப்பு என்பதை ஒவ்வொரு ஆய்விலும் தனித்தனியாக யோசிக்கச் சொல்கிறது.

எளிதாகச் சொன்னால், கண்ணுக்குத் தெரிகிறது என்பதும் எடுத்துக்கொள்ளலாம் என்பதும் ஒன்றல்ல.

உலகத்தையே பேச வைத்த லினக்ஸ் விவகாரம்

ஆன்லைனில் இயங்கும் ஒரு தொழில்முறைக் குழுவைக் கேட்காமல் ஆய்வு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நிஜ உதாரணம் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக விவகாரம்.

உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால் அதன் அடித்தளம் லினக்ஸ் கெர்னல். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான புரோகிராமர்கள் இதற்குத் திருத்தங்கள் எழுதி அனுப்புகிறார்கள். மூத்த பராமரிப்பாளர்கள் அவற்றைச் சரிபார்த்துச் சேர்க்கிறார்கள். பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. வேலை நடப்பது நம்பிக்கையில்தான்.

2020-ல் மின்னசோட்டா ஆய்வாளர்கள் வேறு பெயர்களில், பார்த்தால் சரியாகத் தெரியும் ஆனால் உள்ளே பிழை ஒளிந்திருக்கும் சில திருத்தங்களை அனுப்பினார்கள். பராமரிப்பாளர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்ப்பதுதான் நோக்கம். பிழையுள்ள திருத்தம் கெர்னலில் சேர்வதற்கு முன்பே தடுத்துவிட்டோம் என்று பிறகு சொன்னார்கள்.

விஷயம் வெளியே வந்ததும் "எங்களை வைத்து சோதனை செய்தீர்களா?" என்று கோபம் கிளம்பியது. அதே ஆய்வகத்திலிருந்து மேலும் சில சந்தேகத்துக்குரிய திருத்தங்கள் வந்ததும், 2021 ஏப்ரலில் மூத்த பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன், அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து இனி எதையும் ஏற்கப்போவதில்லை என்று அறிவித்தார். சில நாட்களில் ஆய்வாளர்கள் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். பெரிய மாநாடு ஒன்றில் ஏற்கப்பட்டிருந்த ஆய்வுக் கட்டுரையையும் திரும்பப் பெற்றார்கள்.

அதோடு முடியவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து முன்பு வந்த 435 திருத்தங்களையும் மறுபடி உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியிருந்தது. பெரும்பாலானவை சரியாகத்தான் இருந்தன. ஆனால் அந்த வேலைநேரம் போனது போனதுதான். இந்த ஆய்வோடு சம்பந்தமே இல்லாத, அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களின் பங்களிப்புக்கும் கதவு சாத்தப்பட்டது.

மன்னிப்புக் கடிதத்தில் ஆய்வாளர்கள் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்தால் பராமரிப்பாளர்கள் உஷாராகிவிடுவார்கள், அதனால்தான் கேட்கவில்லை என்றார்கள். கேட்காமல் விட்டது தவறு என்றும் ஒப்புக்கொண்டார்கள்.

"கமிட்டி ஓகே சொல்லிடுச்சே!"

பல்கலைக்கழகங்களில் மனிதர்களை வைத்து ஆய்வு செய்ய நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை. மின்னசோட்டா ஆய்வாளர்களும் தங்கள் பல்கலைக்கழகக் குழுவிடம் போனார்கள். "இது மனிதர்கள் மீதான ஆய்வு இல்லை" என்று விலக்குக் கடிதமும் வாங்கினார்கள். காகிதத்தில் பார்த்தால் சோதிக்கப்பட்டது மென்பொருள் நடைமுறை. நிஜத்தில் ஏமாற்றப்பட்டது அந்த நடைமுறையை நடத்தும் மனிதர்கள். குழு அதைக் கவனிக்கத் தவறியது.

2025-லும் இது போல் ஒன்று வெளியே வந்தது. சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ரெடிட் தளத்தில் இருக்கும் ஒரு பெரிய விவாதக் குழுவில் ஏ.ஐ. எழுதிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதில்களை மனிதர் எழுதியது போலப் பதிவிட்டார்கள். ஒரு இடத்தில் ஏ.ஐ. தன்னை மனநல ஆலோசகராகவும், இன்னொரு இடத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானவராகவும் காட்டிக்கொண்டது. சொல்லாமல் ஏ.ஐ. பதிவு போடக்கூடாது என்பது அந்தக் குழுவின் விதி. குழுவை நடத்துபவர்களுக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தகவல் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், முடிவுகளை வெளியிடப்போவதில்லை என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இந்த ஆய்வும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் பார்வைக்குப் போய் வந்ததுதான்.

ஆக, கமிட்டியின் ஒப்புதல் அவசியம். ஆனால் அது ஆய்வாளரின் நிறுவனம் தரும் அனுமதி. ஆய்வு செய்யப்படுபவர்கள் தரும் அனுமதி வேறு.

அட்மின் சரி சொன்னால் போதுமா?

நம் ஊரில் அதிகம் நடக்கக்கூடியது இதுதான். குரூப் அட்மினிடம் ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது என்று நினைப்பது.

இதில் இந்தியாவுக்கு ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. அது ஆன்லைன் ஆய்வு அல்ல, மருத்துவ ஆய்வு. ஆனால் 'யார் யாருக்காகச் சம்மதம் சொல்லலாம்' என்ற கேள்வி ஒன்றுதான்.

2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டு ஒரு ஆய்வுத் திட்டம் நடந்தது. சில சிறுமிகளின் மரணத்தைத் தொடர்ந்து 2010 ஏப்ரலில் மத்திய அரசு அதை நிறுத்தியது. அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே அரசு அமைத்த விசாரணைக் குழு கருதியது. ஆனால் சம்மதம் வாங்கிய விதம் பெரிய கேள்வியாக நின்றது. ஆந்திராவில் 9,543 படிவங்களில் 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் பெற்றோர் இல்லை, ஹாஸ்டல் வார்டன்கள். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் இதில் தெளிவாக இருக்கின்றன. ஊர்த் தலைவர், சமூகத் தலைவர் போன்றவர்களின் அனுமதி தேவைப்படும் இடங்களில் அதை வாங்க வேண்டும். ஆனால் தனிநபரின் சம்மதத்துக்கு அது ஈடாகாது.

வார்டன் இருக்கும் இடத்தில் அட்மினை வைத்துப் பாருங்கள். அட்மின் கதவைத் திறந்துவிடலாம். உள்ளே இருக்கும் இருநூறு பேரின் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை எடுத்துக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. அதிலும் அட்மின் சங்கத் தலைவராகவோ, அதிகாரியாகவோ இருந்தால் "அவரே சொல்லிட்டாரு, நாம எப்படி வேணாம்னு சொல்றது" என்று வாய் மூடுபவர்கள்தான் அதிகம். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று கணக்கு வைக்க முடியாது.

"பெயரை எடுத்துட்டேன், அப்புறம் என்ன?"

பெயரை எடுத்தால் ஆளை மறைத்துவிட்டோம் என்று நினைப்பதும் தப்புக் கணக்கு.

2008-ல் அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் ஒரே ஆண்டு மாணவர்கள் 1,600-க்கும் மேற்பட்டோரின் ஃபேஸ்புக் தகவல்கள், பெயர்களை நீக்கி, ஆய்வுக்காக வெளியிடப்பட்டன. கல்லூரிப் பெயரும் இல்லை. ஆனால் மாணவர் எண்ணிக்கை, அங்கே இருக்கும் பாடப்பிரிவுகள் போன்ற விவரங்களை வைத்தே அது ஹார்வர்டு என்று சில நாட்களில் கண்டுபிடித்துவிட்டார்கள். தகவல் தொகுப்பு திரும்பப் பெறப்பட்டது.

2016-ல் டென்மார்க்கைச் சேர்ந்த சிலர் ஓகே கியூப்பிட் டேட்டிங் தளத்தின் சுமார் 70,000 பயனர்களின் விவரங்களை இணையத்தில் போட்டார்கள். பயனர் பெயர்கள்கூட அப்படியே இருந்தன. கேட்டதற்கு, "ஏற்கெனவே பொதுவில் இருந்ததுதானே" என்றார்கள். எதிர்ப்புக்குப் பிறகு அதுவும் நீக்கப்பட்டது.

சின்ன ஊர், சின்ன தொழில் வட்டம் என்றால் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். ஒருவர் பேசும் தோரணையே போதும். பொதுவில் இருக்கும் பதிவுகளை வார்த்தை மாறாமல் மேற்கோள் காட்டினால், அந்த வரியைத் தேடுபொறியில் போட்டே எழுதியவரைப் பிடித்துவிடலாம். அதனால்தான் கவனமான ஆய்வாளர்கள் சொன்னதன் சாரத்தை மாற்றிச் சொல்கிறார்கள், அல்லது சொன்னவரிடமே அந்த வரியைக் காட்டி அனுமதி வாங்குகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. தனி ஆள் யாரும் தெரியாவிட்டாலும், மொத்தக் கூட்டத்துக்கும் பெயர் கெடலாம். "அடி அண்ணாமலை ஆட்டோக்காரர்கள் பௌர்ணமிக்கு இப்படித்தான் வசூலிக்கிறார்கள்" என்று ஆய்வேட்டில் ஒரு வரி வந்தால், அந்தக் குரூப்பில் ஒரு வார்த்தைகூடப் பேசாத ஓட்டுநரையும் அது தொடும். தனிநபர் சம்மதத்தோடு குழுவாகவும் பேசி முடிவெடுக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக அமலுக்கு வருகின்றன.

இந்தச் சட்டத்தில் ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள்:

- ஒருவர் தானாகவே பொதுவில் வெளியிட்ட தன் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

- ஆய்வு, ஆவணப்படுத்தல், புள்ளிவிவரத் தேவைகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்தத் தகவலை வைத்துக் குறிப்பிட்ட நபர் பற்றி எந்த முடிவும் எடுக்கக்கூடாது, விதிகளில் சொன்ன தரநிலைகளையும் பின்பற்ற வேண்டும்.

அதாவது, பல ஆய்வுகளுக்குச் சட்டம் வழிவிடுகிறது. ஆனால் வழக்கு வராது என்பதற்காக யாருக்கும் பாதிப்பு வராது என்று ஆகிவிடாது. சட்டம் விட்ட இடத்தில்தான் ஆய்வாளரின் பொறுப்பு ஆரம்பிக்கிறது.

அப்போ ஆய்வே கூடாதா?

அப்படி இல்லை. ஓட்டுநர்களின் கடன், வேலை நேரம், உடல்நலம் பற்றி யாரும் ஆய்வு செய்யாவிட்டால் அந்தப் பிரச்னைகள் அரசின் கணக்கில் வரவே வராது. ஆய்வால் பலன் அடைய வேண்டியவர்களே அவர்கள்தான். ஆபத்து மிகக் குறைவாக இருந்து, யாரையும் அடையாளம் காண முடியாது என்றால் தனித்தனிச் சம்மதத்திலிருந்து விலக்கு தரவும் நெறிமுறைக் குழுக்களுக்கு வழி உண்டு. அந்த முடிவை ஆய்வாளர் தானாக எடுக்கக்கூடாது என்பதுதான் விஷயம்.

கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்பதும் எப்போதும் உண்மை இல்லை. தமிழிலேயே ஒரு அனுபவம் இருக்கிறது. 2009-10 காலத்தில் கூகுள் நிறுவனம், பணம் கொடுத்து மொழிபெயர்த்த கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்க்கும் திட்டத்தை நடத்தியது. அது ஆய்வு இல்லைதான். ஆனால் வெளியிலிருந்து வந்த ஒரு பெரிய நிறுவனம், தன்னார்வலர்கள் வளர்த்த இடத்துக்குள் நுழைந்தது. கட்டுரைகளின் தரம் பற்றித் தமிழ் விக்கிப்பீடியர்கள் கேள்வி எழுப்பினார்கள். 2010-ல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் அந்தத் திட்டத்தை அலசிக் கட்டுரையும் வாசித்தார்கள். இந்த இடம் யாருடையது, இங்கே வேலை செய்ய வருபவர் யாரிடம் பேச வேண்டும் என்பதை உலக அரங்கில் பதிவு செய்தது ஒரு தமிழ்க் குழு.

ஆய்வாளர் செய்ய வேண்டியது என்ன?

- குரூப்பில் சேரும்போதே தான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

- நெறிமுறைக் குழு, அட்மின், உறுப்பினர்கள் என மூன்று இடத்திலும் அனுமதி கேட்க வேண்டும்.

- சம்மதம் சொன்னவர்களின் பேச்சை மட்டும் எடுக்க வேண்டும். பதில் சொல்லாதவர்களை விட்டுவிட வேண்டும்.

- போன் நம்பர், வண்டி நம்பர், ஸ்டாண்ட் பெயர் போன்றவற்றைத் தொடக்கத்திலேயே நீக்க வேண்டும்.

- வெளியிடும் முன் குழுவிடம் காட்ட வேண்டும். "இதை எடுத்துடுங்க" என்றால் எடுக்க வேண்டும்.

குரூப்பில் இருப்பவர்கள் கேட்க வேண்டியது என்ன?

- எந்தக் கல்லூரி, வழிகாட்டிப் பேராசிரியர் யார், நெறிமுறைக் குழு ஒப்புதல் இருக்கிறதா?

- எங்கள் பேச்சு எங்கே சேமிக்கப்படும், எப்போது அழிக்கப்படும்?

- நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் விலகிக்கொள்ள முடியுமா?

- கடைசியில் எழுதியதைத் தமிழில் எங்களுக்குத் தருவீர்களா?

மறுபடி அடி அண்ணாமலைக்கு வருவோம். அதே மாணவர் குரூப்பில் சேர்ந்த முதல் நாளே இப்படி ஒரு மெசேஜ் போட்டிருந்தால்?

"அண்ணன்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் ஆட்டோ தொழில் பத்தி ஆராய்ச்சி பண்றேன். இங்க பேசுறதுல சிலதை எழுத ஆசை. சரின்னு எனக்குத் தனியா சொல்றவங்க பேசுறதை மட்டும்தான் எடுப்பேன். எழுதினதும் ஸ்டாண்டுக்கு வந்து படிச்சுக் காட்டுறேன்."

சிலர் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். சிலர் வேறு குரூப்புக்குப் போய்விடுவார்கள். இருநூறு பேரில் முப்பது பேர்தான் சரி சொல்லலாம். ஆய்வேடு கொஞ்சம் மெலிந்துதான் போகும். "இதனால எங்களுக்கு என்ன தம்பி பிரயோஜனம்?" என்று ஒருவர் கேட்பார், அதற்குப் பதிலும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் அந்த முப்பது பேரில் ஒருவராவது, டியூ கட்ட முடியாத கதையை ஒளிவுமறைவு இல்லாமல் முழுசாகச் சொல்வார். அது வெளியே வரும் நாளில், எந்த வரியை விட வேண்டும் என்று அவரே சொல்லியிருப்பார். மறுநாள் காலை அவர் தன் ஸ்டாண்டுக்குத் தயங்காமல் போகலாம்.